மீனை விட்டீர்கள், குழம்பை விட வேண்டாம்

"வணக்கம் மேடம். எனக்கு 27 வயது. புதுவண்ணாரப்பேட்டையில் அம்மாவோடு இருக்கிறேன். அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து மார்க்கெட்டில் விற்கிறார். நான் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். இரண்டு மாதமாகக் கறி, மீன், முட்டை, பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். உயிர்களை நினைத்துத்தான் விட்டேன், யாரும் சொல்லி இல்லை. ஒரு ஆங்கில வீகன் சமையல் புத்தகம் வாங்கினேன். அதில் இருக்கும் பாதிப் பொருள் எங்கள் பக்கம் கிடைக்காது, கிடைப்பதும் கட்டுப்படியாகவில்லை. இப்போது எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்றே ஓடுகிறது. சலித்துவிட்டது. அம்மா 'நான் ஆக்குறது உனக்கு ஆகலையா' என்று கேட்கிறார். அவருக்குச் சர்க்கரை, மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கென்று தனியாகச் சமைக்கச் சொல்ல மனசு வரவில்லை. நல்ல வீகன் சமையல் புத்தகம் எது? புதிதாகச் செய்து பார்க்க யோசனை எங்கே கிடைக்கும்?"

— ஒரு வாசகி, புதுவண்ணாரப்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்டது புத்தகம் பற்றி. அதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்றால், தாளிப்பில் விழும் நாலு வேர்க்கடலையைத் தவிரத் தட்டில் பருப்பே இல்லை. சலிப்பு வந்தது அதனால்தான். நாளைக்கு அசதி வந்தால் அதற்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும். தண்டையார்பேட்டையில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர், கொஞ்ச நாள் இப்படிச் சோறும் உருளைக்கிழங்குமாக ஓட்டிவிட்டு, "வீகன் எனக்கு ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது வீகன் சாப்பாடு இல்லை. சோற்றுக்குப் பக்கத்தில் இருந்த மீனை எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டதுதான் கோளாறு.

அந்த இடத்தில் எதை வைப்பது என்று சொல்லித்தர, இப்போதைக்கு உங்கள் அம்மாவை விட நல்ல புத்தகம் கிடையாது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அவருடைய மீன் குழம்பில் என்னென்ன போகிறது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, கறிவேப்பிலை, புளி, வீட்டு மிளகாய்த்தூள், சீசனாக இருந்தால் ஒரு மாங்காய். மீனைத் தவிர அத்தனையும் செடியிலும் மரத்திலும் விளைந்தது. நீங்கள் விட வேண்டியிருந்தது மீனை மட்டும். இரண்டு மாதமாகக் குழம்பையும் சேர்த்து விட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு வலிப்பது அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

அதனால் முதல் வேலையாக ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். மிளகாய்த்தூள் அளவில் ஆரம்பியுங்கள். வடசென்னையில் வீட்டுக்கு வீடு அது மாறும். வெயில் காலத்தில் மொட்டைமாடியில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைக்கும் தூளில், ஒரு கிலோ மிளகாய்க்குத் தனியா எவ்வளவு, மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் எவ்வளவு, துவரம்பருப்போ அரிசியோ வறுத்துச் சேர்ப்பாரா என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். உங்கள் நாக்கு பழகியது அந்தத் தூளுக்குத்தான். எந்தக் காயைப் போட்டாலும் அந்தத் தூள் இருந்தால் வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது.

குழம்புக்குள் மீனுக்குப் பதில் எதைப் போடுவது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. மீன் கொதிக்கிற குழம்பில் விழுந்த சில நிமிடங்களில் வெந்துவிடும். காயும் பயறும் அப்படி இல்லை. புளிப்பு ஏறிய தண்ணீரில் அவை வேகவே வேகாது என்று சொல்லலாம், அவ்வளவு நேரம் இழுக்கும். எனவே காய்ந்த மொச்சை என்றால் இரவே ஊறவைத்து, உப்புப் போட்டுக் குக்கரில் நசுக்கினால் நசுங்கும் பதத்துக்கு வேகவிட்டு, அப்புறம்தான் புளியில் சேர்க்க வேண்டும். கத்திரிக்காயை எண்ணெயில் தோல் சுருங்க வதக்கிக்கொள்ளுங்கள். முருங்கைக்காய், சேப்பங்கிழங்கு, பலாக்கொட்டை எல்லாம் முன்னாலேயே முக்கால் பதம் வெந்திருக்க வேண்டும். மாங்காயை மட்டும் கடைசியில் போடுங்கள். மொச்சையும் கத்திரிக்காயும் மாங்காயும் சேர்ந்த குழம்பை மூடி வைத்து மறுநாள் சாப்பிட்டுப் பாருங்கள். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்று சொல்வோமே, இதற்கும் அது பொருந்தும்.

இன்னும் ஒன்று, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுறாப்புட்டு உங்களுக்குப் பிடித்திருந்தால், அதே கைப்பக்குவத்தில் பருப்பை வைத்துச் செய்ய முடியும். கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் சம அளவு எடுத்து, இரண்டு காய்ந்த மிளகாயோடு இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிட்டுக் கொரகொரப்பாக அரையுங்கள். மைய அரைத்தால் வடை மாவாகிவிடும், புட்டு வராது. இட்லித் தட்டில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவிட்டு, நன்றாக ஆறிய பிறகு கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். சூட்டோடு உதிர்த்தால் கட்டி கட்டியாக நிற்கும். அப்புறம் அம்மா சுறாவுக்குச் செய்வது போலத்தான்: எண்ணெயில் சோம்பு, நிறைய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, கை தாராளமாகப் பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள். உதிர்த்ததைப் போட்டுத் தீயைக் குறைத்து, பொலபொலவென்று வரும் வரை கிளறி, இறக்கும்போது கொத்தமல்லித் தழை. ஐயர் வீட்டுச் சமையலில் பருப்பு உசிலி என்று பீன்ஸோடு செய்வதும் இதே முறைதான், மசாலாதான் வேறு. ரசம் சோற்றுக்கு இதைத் தொட்டுக்கொண்டால் மதியச் சாப்பாட்டில் புரதக் குறை என்ற பேச்சே இருக்காது.

வறுவலுக்கு வாழைக்காய். மொந்தன் காயைச் சாய்வாக அரை அங்குலக் கனத்தில் வெட்டி, மஞ்சளும் உப்பும் கொஞ்சம் புளியும் கரைத்த தண்ணீரில் அரை வேக்காடாக எடுங்கள். மீனுக்குத் தடவும் அதே மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, எலுமிச்சை, ஒரு ஸ்பூன் அரிசி மாவு. தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் மொறுமொறுப்பாக எடுத்தால் போதும். நெத்திலி வறுவல் மாதிரி ஏதாவது கொறிக்க வேண்டும் என்றால் வாழைப்பூ. நரம்பை எடுத்துவிட்டு மடலில் இருக்கும் பூவை முழுசாகவே மாவில் பிரட்டிப் பொரிக்கலாம். வழக்கமாகக் கறுக்காமல் இருக்க மோரில் போட்டு வைப்பார்கள். நீங்கள் எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போடுங்கள்.

கருவாட்டுக்கு மாற்று கிடையாது. அதைத் தேடி அலைய வேண்டாம். சில ருசிகளை விட்டுத்தான் ஆக வேண்டும், அது தெரிந்துதான் நீங்கள் இந்த முடிவை எடுத்திருப்பீர்கள்.

அம்மாவிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பெரிய மீன் வரத்து குறைந்து, இருக்கிற மீனும் விலை ஏறிக் கிடக்கும் அந்த நாட்களில் வீட்டில் என்ன குழம்பு வைப்பார், அவருடைய அம்மா என்ன வைப்பார் என்று கேளுங்கள். புரட்டாசி, அமாவாசை, ஆடி வெள்ளி, கிறிஸ்தவ வீடாக இருந்தால் தவக்காலம், எதுவாக இருந்தாலும் கவிச்சி சேர்க்காத நாளுக்கென்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சமையல் இருக்கும். காராமணிக் குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு, கீரை மசியல், பூண்டுக் குழம்பு, எள்ளுத் துவையல் என்று பட்டியல் நீளும். அதில் தயிரும் நெய்யும் வரும் இடங்களை மட்டும் நீங்கள் தள்ளிக்கொண்டால் போதும். முக்கியமாக, உங்களுக்கென்று தனி அடுப்பு எரிய வேண்டியதில்லை. குழம்பைக் கூட்டிக் கொதிக்கவைத்த பிறகு உங்களுக்கான பங்கைத் தனிச் சட்டியில் எடுத்து மொச்சையைப் போட்டுக்கொள்ளுங்கள், மீதியில் அவர் மீனைப் போட்டுக்கொள்ளட்டும். ஒரே புளி, ஒரே கூட்டு. 'நான் ஆக்குறது ஆகலையா' என்ற கேள்விக்கு வாயால் பதில் சொல்வதை விட இது நல்ல பதில். அவர் மீன் விற்றுத்தான் உங்களைப் படிக்கவைத்திருப்பார். அவர் தொழிலைப் பற்றிச் சாப்பிடும் நேரத்தில் வாதம் வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

சரி, புத்தகத்துக்கு வருவோம்.

அட்டையில் வீகன் என்று போட்டிருக்கும் புத்தகத்தைத் தேடாதீர்கள், இப்போதைக்கு. தமிழில் சைவச் சமையல் புத்தகங்களில் பாதிக்கு மேற்பட்ட குறிப்புகள் நெய்யை எண்ணெயாக மாற்றினாலே உங்களுக்குச் சரியாகிவிடும். ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால், எஸ். மீனாட்சி அம்மாளின் சமைத்துப் பார் முதல் பாகத்தை வாங்குங்கள். 1951-ல் வந்த புத்தகம், இன்றும் கடையில் கிடைக்கிறது. கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. பாலும் தயிரும் நெய்யும் நிறைய உண்டு, எனவே பென்சிலை வைத்துக்கொண்டு படியுங்கள். மோர்க்குழம்பு, பால் பாயசம் பக்கங்களைத் தாண்டிவிடுங்கள். சாம்பார், கூட்டு, ரசம், துவையல், பொடி, உசிலி ஆகியவற்றில் நெய் வரும் இடத்தில் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பருப்பை எத்தனை விதமாகச் சமைக்கலாம் என்பதை அந்தப் புத்தகத்திடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால் அது ஒரு பிராமண வீட்டுச் சமையல். சோம்பும் பூண்டும் பட்டையும் பழகிய உங்கள் நாக்குக்கு அது மட்டும் பத்தாது. அதனால் அடுத்து மூன்று பக்கம் தேடச் சொல்வேன். செட்டிநாட்டுச் சைவச் சமையலில் மண்டி என்று ஒன்று இருக்கிறது. அரிசி களைந்த தண்ணீரில் வெண்டைக்காயையோ மொச்சையையோ புளியோடு வேகவிடுவது. பால் தயிர் வாடையே கிடையாது. கொங்குச் சமையலில் கொள்ளும் எள்ளும் நிலக்கடலையும் தாராளம். மூன்றாவது ஈழத்துத் தமிழர் சமையல். என்னைக் கேட்டால் வீகனாக மாறுகிறவர்களுக்கு இதுதான் புதையல். நாம் தயிரும் பாலும் ஊற்றும் இடத்தில் அவர்கள் தேங்காய்ப்பாலை ஊற்றுவார்கள். சொதி, பலாக்காய்க் கறி, தேங்காய்ப்பாலில் வெந்த பருப்புக் கறி, இடியாப்பம். சம்பலில் மட்டும் மாசிக்கருவாடு சேர்ப்பதுண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்கும் முன் பார்க்க வேண்டும் என்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போங்கள். 1896-ல் திறந்த நூலகம் அது. இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நூலகங்களில் ஒன்று என்பதால் பழைய சமையல் புத்தகங்களையும் அங்கே தேடிப் பார்க்கலாம். புதுவண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர். பிடித்த குறிப்பை நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள், செய்து பார்த்து நன்றாக வந்தால் அந்தப் புத்தகத்தை வாங்குங்கள். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போனாலும் அட்டைப் படத்தைப் பார்க்காதீர்கள். பொருளடக்கத்தைத் திறந்து பருப்பு, பயறு, சுண்டல் வகைக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் ஏதாவது மூன்று குறிப்பைப் படியுங்கள். உங்கள் தெரு மளிகைக் கடையில் கிடைக்காத பொருள் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முந்திரி அரைத்து ஊற்றச் சொல்லும் புத்தகமும் நம் சம்பளத்துக்கு ஆகாது. அந்த இடத்தில் வேர்க்கடலையோ தேங்காயோ எள்ளோ அரைத்தாலும் குழம்பு கெட்டியாகும்.

ஆங்கிலப் புத்தகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறு ஊர்ச் சமையலைத் தெரிந்துகொள்ள அதுதான் வழி. அதில் விரதம் இருக்கும் மக்களின் சமையலைத் தேடுங்கள். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி என்று வாரத்தில் இரண்டு நாளும், அது போக நீண்ட நோன்புக் காலங்களிலும் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடமாட்டார்கள். மைசூர்ப் பருப்பையும் கடலை மாவையும் வைத்து அவர்கள் செய்யும் காரமான குழம்புகள் நம் நாக்குக்கு ரொம்பப் பக்கம். லெபனான் பக்கத்துச் சமையலில் கொண்டைக்கடலையும் எள்ளும் பிரதானம். இதெல்லாம் வீகன் என்ற பெயர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே வீடுகளில் சமைத்துச் சாப்பிட்டு வந்தவை. அதனாலேயே இவற்றை நம்பிச் செய்யலாம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வியாசர்பாடியிலும் பீச் ஸ்டேஷன் எதிரிலும் போடும் அத்தோ கடைகள் உங்களுக்குத் தெரியும். முட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித் தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் அவ்வளவுதான். கூடவே தரும் வாழைத்தண்டு சூப்பில் மீனோ கருவாட்டுப் பொடியோ உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், கடைக்குக் கடை மாறும். அதே பர்மாவின் ஷான் பகுதியில் கடலை மாவில் டோஃபு செய்வார்கள். சோயா தேவையில்லை. ஒரு கப் கடலை மாவை மூன்று கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, உப்பும் மஞ்சளும் போட்டு, களி கிண்டுவது போலக் கை விடாமல் கிண்டுங்கள். பளபளப்பாக, கரண்டியை விட்டு ஒட்டாமல் வரும்போது எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் கத்தியால் வெட்டும் பதத்துக்கு வந்துவிடும். துண்டு போட்டுப் பொரித்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. பன்னீர் போடும் இடத்திலெல்லாம் இதைப் போடலாம்.

சௌகார்பேட்டையில் எல்லாமே சைவம்தானே, அங்கே பிரச்சினை இல்லையே என்று சிலர் கேட்பார்கள். சைவம்தான், ஆனால் நெய்யும் பாலும் தயிரும் இல்லாமல் அங்கே ஒரு தட்டு கிடைப்பது கடினம். பாக்கெட் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்றுதான் பொருள், பால் பவுடர் சேர்த்த பிஸ்கெட்டிலும் அது இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வீகன் உணவுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்து தனி முத்திரையும் கொடுத்திருக்கிறது. அது இல்லாத பாக்கெட்டில் பின்பக்கம் இருக்கும் பொருள்களின் பட்டியலைப் படியுங்கள். பலருக்குத் தோன்றாத இடம் ஒன்று உண்டு: சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர் மிளகாய். மூன்றும் பெரும்பாலும் மோரில் ஊறிக் காய்ந்தவை. வத்தக்குழம்பு ஆசை என்றால் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து வீட்டிலேயே காயவைத்துக்கொள்ளுங்கள். பரோட்டாக் கடை சால்னாவையும் கேட்காமல் தொடாதீர்கள்.

தயிர் இல்லாமல் முடியவில்லை என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் சித்திரை வெயிலில் தோன்றும். வேர்க்கடலையை இரவு முழுக்க ஊறவைத்துத் தோலை எடுத்துவிட்டு, ஒரு கப்புக்கு மூன்று கப் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். அடி பிடிக்காமல் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் நாலைந்து மிளகாயைக் காம்போடு போட்டு மூடி வையுங்கள். முதல் தடவை இளகலாகத்தான் உறையும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த நாள் பாலுக்கு உறை ஊற்றினால் கெட்டியாக வரும். கடலை வாசம் கொஞ்சம் இருக்கும். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டினால் தயிர் சாதத்துக்கு நன்றாகவே இருக்கும்.

இனி என் தொழில் சார்ந்த பேச்சு. உங்கள் எடை 50 கிலோ என்று வைத்துக்கொண்டால் நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் குறி வையுங்கள். எந்தப் பருப்பாக இருந்தாலும் வேகவைக்கும் முன் 100 கிராமில் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். மீல்மேக்கரில் 50 கிராம் அளவுக்கு. காலையில் இட்லிக்குப் பருப்பு நிறையப் போட்ட சாம்பார், மதியம் பயறோ பருப்புப் புட்டோ, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல் என்று மூன்று வேளையும் ஏதாவது ஒரு பருப்பு இருந்தால் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. பால் நின்றதால் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை மூன்றையும் மாற்றி மாற்றிச் சேருங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கூழில் மோருக்குப் பதில் வெங்காயமும் மாங்காயும் போதும். கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீர்கள், அது இரும்புச் சத்தைச் சேரவிடாது. அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள்.

எந்தச் சமையல் புத்தகத்திலும் இல்லாத ஒன்று வைட்டமின் பி12. செடியிலிருந்து வரும் எந்த உணவிலும் நம்பும்படியான அளவில் அது கிடையாது. பழைய சோற்றில் இருக்கிறது, கீரையில் இருக்கிறது என்று யார் சொன்னாலும் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். உடம்பு ஈரலில் சேமித்து வைத்திருப்பதால் குறை தெரியவே வருடக்கணக்கில் ஆகலாம். தெரியும்போது கால் மரத்துப்போவது, மறதி, தீராத அசதி என்று நரம்பில் கைவைத்திருக்கும். தாமதமாகக் கண்டுபிடித்தால் அதில் சில பாதிப்புகள் முழுதாகத் திரும்பாது. வீகன் உணவுக்கு மாறியவர்களுக்குத் தினமும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒரு முறை 2000 மைக்ரோகிராம் மாத்திரை என்பது வழக்கமான பரிந்துரை. உங்கள் ரத்தத்தில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு டாக்டரிடம் அளவைக் கேட்டு இந்த மாதமே தொடங்குங்கள். கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின், எனவே வில்லை மாத்திரையாகக் கேளுங்கள். வைட்டமின் டி3 எழுதிக்கொடுத்தால் அது பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது. கற்பாசி (லைக்கன்) வகையிலிருந்து எடுத்த டி3 இருக்கிறது, டி2-வும் இருக்கிறது, இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்கலாம்.

ரத்தம் கொடுக்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு, மீனும் முட்டையும் சாப்பிட்டாலும் பி12 குறைய வாய்ப்பு உண்டு. அவருக்குக் கால் எரிச்சலோ மரப்போ இருந்தால் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடாமல், அவருக்கும் ஹீமோகுளோபினும் பி12-ம் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.